காலைப் பாதுகாப்புப் பேச்சு: தொழிலாளி வாய் திறக்க வேண்டிய பத்து நிமிடம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மணலி, அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் காலை எட்டு மணிக்கு இதைப் பார்க்கலாம். ஹெல்மெட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டு முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். அவர் முடிப்பதற்குள் கையெழுத்து நோட்டு பாதிப் பேரைத் தாண்டியிருக்கும். "ஹெல்மெட் போடுங்க, ஷூ போடுங்க, பத்திரமா வேலை செய்யுங்க." சரி, எல்லாரும் வேலைக்குப் போகலாம். டூல்பாக்ஸ் டாக் என்கிற காலைப் பாதுகாப்புப் பேச்சு முடிந்தது.

ஆடிட்டுக்கு வருகிறவர் அந்த நோட்டைப் பார்த்துத் திருப்தி அடைவார். ஆனால் அன்று மதியம் சாரத்தில் ஏறப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்ததில் எனக்கு உறுதியானது இதுதான்: அந்தப் பத்து நிமிடத்தில் தொழிலாளர்களில் ஒருவராவது வாய் திறந்து பேச வேண்டும், அவர் சொன்னதற்கு மறுநாள் காலைக்குள் பதில் கிடைக்க வேண்டும். இது நடக்காத இடத்தில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் காற்றோடு போய்விடும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். பேசுகிறவர் முகத்தில் வெயில் படட்டும், கேட்கிறவர்கள் கண்ணில் வேண்டாம். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். கேட் அருகில் கூட்டுவதைவிட வேலை நடக்கப் போகிற இடத்திலேயே கூட்டினால் பேச்சு தானாகவே வேலையைப் பற்றியதாக மாறிவிடும்.

தலைப்புதான் பலர் கோட்டை விடுகிற இடம். ஆண்டுக்கு 52 வாரம், 52 தலைப்பு என்று தலைமை அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். இந்த வாரம் 'தீயணைப்பான் வகைகள்' என்று அதில் இருக்கும். தளத்திலோ நாள் முழுக்க இரும்பை வெட்டித் தேய்க்கிற கை கிரைண்டர் வேலை. அன்று கிரைண்டரைப் பற்றித்தான் பேச வேண்டும். அதுவும் பொருளைக் கையில் கொடுத்துப் பேச வேண்டும். ஸ்டோரிலிருந்து ஒரு கட்டிங் வீலை, அதாவது கிரைண்டரில் மாட்டுகிற வெட்டுத் தட்டை, எடுத்து வந்து ஒவ்வொருவர் கையாகக் கொடுப்பேன். நடுத் துளையைச் சுற்றி உலோக வளையம் இருக்கும். நல்ல கம்பெனி வீலாக இருந்தால் அந்த வளையத்தில் ஒரு மாதமும் ஆண்டும் பதித்திருப்பார்கள். வருடக்கணக்காக அந்த வீலை மாட்டிக் கழற்றுகிறவர்களில் பலர் அதை அன்றுதான் கவனிப்பார்கள். அது காலாவதித் தேதி. ரெசின் என்ற பிசின் வைத்துப் பிணைத்த வீலுக்குத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் ஆயுள். ஈரம் ஏறினால் அதற்கு முன்பே பிணைப்பு தளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகுகிற ஷெட்டில் கிடந்த வீல் பார்வைக்குப் புத்தம் புதிதாகவே இருக்கும்.

அப்புறம் அதே வீலில் இருக்கும் வேக எண். 4 இன்ச் வீலில் நிமிடத்துக்கு 15,300 சுற்று வரை என்று போட்டிருக்கும். 7 இன்ச் வீலில் 8,500. 4 இன்ச் கிரைண்டர் ஓடுவதோ 11,000 சுற்று அளவில். வீலை மூடியிருக்கிற பாதுகாப்பு கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை அதில் மாட்டுகிற பழக்கம் எத்தனையோ ஃபேப்ரிகேஷன் கடைகளில் உண்டு. அதனால் என்ன ஆகும் என்று நான் சொல்வதில்லை. 8,500, 11,000 இரண்டையும் தரையில் சாக்பீஸால் எழுதிவிட்டுக் காத்திருப்பேன். "அப்போ அது தெறிச்சிரும் சார்" என்று கூட்டத்திலிருந்தே யாராவது சொல்லிவிடுவார். அதை நான் சொல்வதைவிடப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் சொன்னால் எடுபடும்.

தொழிலாளியைப் பேச வைப்பது எளிதல்ல. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது சார்" என்பார்கள். ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். "இன்னைக்கு இந்த வேலையில அடிபட்டா எங்க படும்?" "நேத்து எது நூலிழையில தப்பிச்சுது?" கேட்டுவிட்டு அந்த அமைதியைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாமே பதில் சொல்லி அதை நிரப்பிவிடக் கூடாது.

அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தகட்டை அடித்து வடிவம் கொடுக்கிற பவர் பிரஸ்ஸில் இரண்டு கைக்கும் தனித்தனி பட்டன் இருக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டை என்கிற அச்சுக்குள் விரல் போக வழியில்லை. அங்கே ஒரு மெஷினில் இடது பட்டனை அழுத்திய நிலையிலேயே மரச் சில்லைச் செருகி வைத்திருந்தார்கள். வலது கையால் அழுத்த, இடது கை டைக்குள் போய்வரும். "பட்டனை பைபாஸ் பண்ணாதீங்க" என்று சூப்பர்வைசர் வாரா வாரம் பேசுவார், சில்லைப் பிடுங்கி எறிவார். மதியத்துக்குள் வேறு சில்லு வந்துவிடும். எல்லாரும் இதை ஒழுக்கப் பிரச்சினை என்றே நினைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலைப் பேச்சில், "இந்த மெஷின்ல உங்களுக்கு ரொம்ப கஷ்டம் எது?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தயங்கிச் சொன்னார்: "இடது பட்டன் இறுகிப் போச்சு சார். முழு பலத்தோட அழுத்தணும். ராத்திரி கையைத் தூக்கிச் சட்டை கழட்ட முடியல."

அவ்வளவுதான் விஷயம். ஒரு நாளில் மெஷின் நூற்றுக்கணக்கான முறை அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தோள் வலி. உள்ளங்கையை வைத்தாலே இறங்குகிற பட்டனாக மாற்றினார்கள். கூடவே கண்ட்ரோலையும் மாற்றச் சொன்னேன்: இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தினால்தான் மேலிருந்து அடிக்கிற ராம் இறங்கும், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டிலிருந்தும் கையெடுத்தால்தான் அடுத்த அடி. ஒன்றில் சில்லைச் செருகினால் மெஷின் நின்றுவிடும். அந்தப் பெரியவர் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் பல வாரம் ஒழுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருப்போம், யாருடைய விரலாவது போகும் வரை.

இப்படிச் சொன்ன ஒருவருக்குப் பதில் வராவிட்டால் அடுத்த முறை அவர் பேச மாட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் பேச மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு நாள் பேச்சும் முந்தைய நாள் விஷயத்தில் தொடங்க வேண்டும். "நேத்து ஏணி ஆடுதுன்னு சொன்னீங்க, அதை எடுத்தாச்சு, வேற வந்திருக்கு." முடியாததாக இருந்தால் அதையும் நேராகச் சொல்லுங்கள்: "பார்ட்ஸ் வர வெள்ளிக்கிழமை ஆகும், அதுவரை பாரம் தூக்குற அந்த ஹாய்ஸ்ட்டை யாரும் தொட வேண்டாம்." மெயின்டனன்ஸிடமும் மேனேஜரிடமும் போய் நின்று இதை வாங்கி வருவதுதான் பாதுகாப்பு அதிகாரியின் பெரிய வேலை என்பேன். போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது 111ஏ பிரிவைச் சேர்த்து, தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவதைத் தொழிலாளியின் உரிமை ஆக்கினார்கள். கேள்வி கேட்கிறவரைப் பிரச்சினை பண்ணுகிறவராகப் பார்க்கிற சூப்பர்வைசர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேச வேண்டியது யார்? முடிந்தவரை மேஸ்திரியோ சூப்பர்வைசரோ பேசட்டும். வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். எட்டு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒன்று சொல்லி, மூன்று மணிக்கு மேஸ்திரி "சீக்கிரம் முடிங்கப்பா, கான்கிரீட் வண்டி நிக்குது" என்றால், ஆட்கள் மூன்று மணிப் பேச்சைத்தான் கேட்பார்கள். அதே மேஸ்திரி காலையில் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி மாட்டுவதைப் பற்றிப் பேசியிருந்தால் மாலையில் அதற்கு மாறாகச் சொல்ல அவருக்கே நாக்கு வராது.

மொழி இன்னொரு சிக்கல். சென்னைக் கட்டுமானத் தளங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துக்காரர்கள் ஏராளம். தமிழில் ஐந்து நிமிடம் பேசியதை மேஸ்திரி இந்தியில் இரண்டு வார்த்தையாகச் சொல்வார். அவர்களில் ஒருவரையே பேச விடுங்கள். அதோடு, செய்து காட்டுகிற விஷயங்களை அதிகமாக்குங்கள். எனக்குப் பிடித்தது டேப்பைத் தரையில் விரிப்பது. ஹார்னஸ் என்கிற உடல் பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்கிற கயிறான லேன்யார்டு 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். கீழே விட வேண்டிய இடைவெளி 1 மீட்டர். ஒவ்வொன்றையும் அளந்து கோடு போட்டால் ஆறே கால் மீட்டர் வருகிறது. அப்புறம் அவர்கள் வேலை செய்கிற 4 மீட்டர் சாரத்தைக் காட்டுவேன். கால் மட்டத்தில் கொக்கி மாட்டியிருந்தால் பெல்ட் பிடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். தலைக்கு மேலே மாட்ட வேண்டும் என்பதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அவர்களே அண்ணாந்து இடம் தேடுவார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் முகங்களையும் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்து அப்படியே ஓவர்டைமில் நிற்பவர், காலையில் சாப்பிடாதவர், காய்ச்சலை மறைப்பவர் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். கத்திரி வெயில் நாட்களில் இது இன்னும் முக்கியம். அப்படி ஒருவரைப் பார்த்தால் தனியே அழைத்து, சம்பளம் பிடிக்காமல் கீழே வேலை கொடுங்கள். கூட்டத்தின் நடுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். நேற்றுத் தப்பு செய்தவரை உதாரணமாக நிறுத்துவதும், ரத்தம் தெறிக்கிற விபத்து வீடியோக்களைப் போட்டுக் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்கிற இடத்தில் சின்னக் காயங்களை மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடைசியாக, இந்தப் பேச்சைக் கேட்காமலே உள்ளே வருகிறவர்கள். லாரியில் லோடு இறக்க வருபவர்கள், ஏசி மெக்கானிக், பதினொரு மணிக்கு டேங்கரோடு வந்து கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்கிற கான்ட்ராக்ட் ஆட்கள். இவர்கள் பெயர் காலை நோட்டில் இருக்காது. தொட்டி வேலைக்கு வருகிறவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள். தொட்டிக்குள் சேருகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போனதும் வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குகிறார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றப் போகிறவரும் உள்ளேயே விழுகிறார். இவர்களுக்கான பேச்சு தொட்டி பக்கத்திலேயே நடக்க வேண்டும், எந்த நேரத்தில் வந்தாலும். தொட்டிக்குள் ஆள் இறங்காமல் வேலையை முடிக்க என்ன வழி என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கேஸ் டிடெக்டர் எண்ணை அவர்களே படிக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது, வேலையும் நின்றது. ஒருவர் விழுந்தால் மற்றவர் என்ன செய்வார் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். "இறங்க மாட்டேன், கயிறு, பிளோயர், ஃபயர் சர்வீஸ்" என்ற பதில் வரும் வரை அந்த மூடியைத் திறக்க பெர்மிட் கொடுக்காதீர்கள்.