ஏசி கம்ப்ரசரில் டயருக்குக் காற்று அடிக்கிறவர்களுக்கு

போன வாரம் காலையில் என் கார் ஏசி கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு பழைய ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு தம்பி. வலது முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தார். "அண்ணா, ஏசி கம்ப்ரசர் ஜாம் ஆயிடுச்சுங்க, பெல்ட்டும் அறுந்துபோச்சு" என்றார். அந்த ஜீப்பில் ஏசியே கிடையாது. பானெட்டைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. இந்த ஒரு வருடத்தில் இப்படி என் கடைக்கு வரும் நான்காவது வண்டி இது.

கதை நான்கு வண்டிக்கும் ஒன்றுதான். கோவை உக்கடம் காயலான் கடையில் பழைய ஏசி கம்ப்ரசர் ஒன்று வாங்குவது, லேத்தில் பிராக்கெட் செய்து எஞ்சினில் மாட்டுவது, சக்‌ஷன் (காற்றை இழுக்கிற) பக்கம் ஒரு பைக் ஃபில்டர், டெலிவரி (அமுக்கிய காற்றை வெளியே தள்ளுகிற) பக்கம் ஒரு ஹோஸ், கடைசியில் ஒரு டேங்க். மலைப்பாதையில் சேறு வந்தால் டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், தார் ரோட்டுக்கு வந்ததும் தானே நிரப்பிக்கொள்ளலாம். ஆசை நியாயமானதுதான், நான் குறை சொல்லவில்லை. செய்முறை வீடியோவும் கொட்டிக் கிடக்கிறது. அந்த வீடியோக்கள் முதல் டயர் நிரம்பியதும் முடிந்துவிடுகின்றன. இந்தத் தம்பிக்கு மூன்றாவது டயரில் டெலிவரி ஹோஸ் பிட்டிங்கோடு பிடுங்கிக்கொண்டது. கொதிக்கிற ஆயில் கையில் அடித்திருக்கிறது, மீதி எஞ்சின் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகைந்திருக்கிறது. முகத்தில் அடித்திருந்தால் நான் இன்று வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

கம்ப்ரசரைக் கழற்றி டேபிளில் வைத்து ஹெட்டைத் திறந்தேன். காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ரீட் வால்வுத் தகட்டில் அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கரி. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் சிலாம்பு சிலாம்பாக உரிந்து வந்தது. உள்ளே பிஸ்டன்களைத் தள்ளுகிற தட்டில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடுகள். ஆயில்? ஒரு சொட்டு இல்லை. பாடியைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்தேன், அடியில் விரித்த பேப்பர் அப்படியே வெள்ளையாக இருந்தது.

தம்பி கேட்ட கேள்விதான் என்னை எழுத வைத்தது. "ஏசியில இது 250 பிஎஸ்ஐ வரைக்கும் தாங்குதுங்களே அண்ணா, நான் 120தானே வெச்சேன்?" (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு.) இதே கேள்வியை நான்கு பேரும் கேட்டார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். ஏசியில் பாதி அழுத்தத்துக்கே வேலை வாங்குகிறோம், அதனால் கம்ப்ரசருக்கு இது சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை உடைக்காமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஏசி ஓடும்போது கம்ப்ரசர் வெறும் காற்றழுத்தத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. ஆர் 134ஏ கேஸ் உள்ள வண்டியில் சக்‌ஷன் பக்கமே கேஜில் (அழுத்தம் காட்டும் மீட்டரில்) 30 பிஎஸ்ஐ இருக்கும். வெயில் காலத்தில் டெலிவரி 225 காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் காட்டாத காற்றுமண்டல அழுத்தம் 14.7ஐ இரண்டிலும் கூட்டிவிட்டு வகுத்துப் பாருங்கள். கம்ப்ரசர் கேஸை ஐந்தரை மடங்குக்கும் குறைவாகத்தான் அமுக்குகிறது, அவ்வளவுதான். அதே கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து 120 பிஎஸ்ஐக்கு ஏற்றும்போது அடியிலிருந்து, அதாவது 14.7லிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது மடங்கு. கேஜ் முள் பாதியில்தான் நிற்கிறது, அமுக்குகிற மடங்கோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்காக ஏறிவிடுகிறது. கேஜை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

அடுத்தது சூடு. சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்று அடித்திருந்தால் பம்பின் அடிப்பாகம் சுடுவது கைக்கு ஞாபகம் இருக்கும். காற்றை அமுக்கினால் அது ஏசி கேஸைவிட மிக அதிகமாகச் சூடேறும், அதன் குணம் அப்படி. எஞ்சின் பக்கத்தில் இருக்கிற 40 டிகிரிக் காற்றை ஒரே அமுக்கில் 120 பிஎஸ்ஐக்குக் கொண்டுபோனால் கணக்குப்படி 300 டிகிரியைத் தாண்டுகிறது. பாடி வழியாகக் கொஞ்சம் சூடு வெளியே போய்விடும், உண்மைதான். ஆனால் ஏசி ஹோஸ் தாங்குவது சுமார் 125 டிகிரி. அதைத் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது. ஏசியில் கூலிங் காயிலிலிருந்து திரும்பி வருகிற கேஸ் சில்லென்று இருக்கும், ஓடுகிற வண்டியில் சக்‌ஷன் பைப்பில் நீர் முத்து கோத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிர்தான் கம்ப்ரசரையும் குளிர வைக்கிறது. காற்று அடிக்கும்போது அது கிடையாது.

மூன்றாவது விஷயம், ஆயில். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. காரில் வருகிற பெரும்பாலான ஏசி கம்ப்ரசர்களுக்கு எஞ்சின் மாதிரி தனி ஆயில் தொட்டி கிடையாது. மொத்த சிஸ்டத்துக்கும் 120லிருந்து 200 மில்லி ஆயில், அது கேஸோடு கலந்து கண்டென்சர், கூலிங் காயில் எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேரும். இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக அதே கிணற்றுக்குத் திரும்புகிற மாதிரி. நீங்கள் வாய்க்காலை வெட்டிவிட்டு வெளியே விடுகிறீர்கள். ஆயில் காற்றோடு போய் டேங்கிலும் டயரிலும் உட்கார்ந்துகொள்கிறது, திரும்பி வர வழியில்லை. டயரின் உள்பக்க ரப்பருக்கு ஆயில் ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, அப்பப்போ ஆயில் ஊத்திக்கிறேன்" என்பார்கள். ஊற்றுங்கள், அதுவும் டெலிவரி வழியாகத்தான் வெளியேறும். போகிற வழியில் சூட்டில் கருகி வால்வில் கரியாகப் படியும். படிந்த கரி, ஆவியான ஆயில், அழுத்தத்தில் இருக்கிற சூடான காற்று, மூன்றும் ஒரே பைப்பில் சேர்ந்தால் பைப்புக்குள்ளேயே தீப்பிடிக்கும். பெரிய ஆலைகளில் ஏர் கம்ப்ரசர் டெலிவரி லைனை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வது இதற்காகத்தான். ஏசிக்கு ஊற்றுகிற பிஏஜி ஆயிலையே இதற்கும் ஊற்றுகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சுகிற ஆயில். டப்பாவைத் திறந்து வைத்தாலே கெட்டுவிடும் என்று நாங்கள் பயந்து பயந்து பயன்படுத்துகிறோம், அதை மழைக்காலக் காற்று பாயும் இடத்தில் ஊற்றலாமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஏசி வேலை செய்கிற வண்டியிலேயே அதே கம்ப்ரசரில் ஒரு வால்வு வைத்து, வேண்டும்போது காற்றுக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள். தயவுசெய்து வேண்டாம். ஆர் 134ஏ வெளியில் தீப்பிடிக்காத கேஸ்தான். ஆனால் அதிகக் காற்றோடு கலந்து, அழுத்தமும் சூடும் ஏறினால் அந்தக் கலவை எரியக்கூடியது. இதைக் கேஸ் தயாரிப்பவர்களே பாதுகாப்புக் குறிப்பில் எச்சரிக்கிறார்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேஸ் மிச்சம் இருக்கிற சிஸ்டத்தில் ஏர் கம்ப்ரசரை வைத்து லீக் பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நைட்ரஜன் சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள முடியாதவர் ஏசி வேலை பார்க்கக் கூடாது.

இனி டேங்க். ஜீப்பின் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு ஒரு நிமிடம் சில்லிட்டுப் போனது. சீட்டுக்கு அடியில் ஏசி கேஸ் வருகிற 13.6 கிலோ சிலிண்டர், காலியானது, பக்கவாட்டில் இரண்டு நிப்பிள் வெல்டிங் வைத்து, கருப்பு பெயிண்ட் அடித்துப் படுக்க வைத்திருந்தார். அந்தச் சீட்டில் இவருடைய அம்மாவும் தங்கையும் உட்கார்ந்து வருவார்களாம்.

அந்தச் சிலிண்டர் ஒரு தடவை கேஸ் நிரப்பி, தீர்ந்ததும் தூக்கிப்போடுவதற்கு என்றே மெல்லிய தகட்டில் செய்தது. மறுபடி நிரப்பாதே என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். "வெயில்ல கேஸ் இருக்கும்போது 130 பிஎஸ்ஐ தாங்கிச்சில்ல?" தாங்கியது. காய்ந்த கேஸை, அசையாமல், ஒரு தடவை தாங்கியது. நீங்கள் அதில் தினமும் ஈரக்காற்றை ஏற்றி இறக்குகிறீர்கள், போதாததற்குத் தகட்டைச் சுட்டு வெல்டிங் வேறு. காற்றை எல்லாம் இறக்கிவிட்டு அதைக் கட்டிங் பிளேடில் அறுத்துக் காட்டினேன். முதலில் ஒரு டம்ளர் அளவுக்குக் காபி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அடிப்பக்கம் முழுவதும் துரு, வெல்டிங் ஓரத்தில் சிறு சிறு குழிகள். ஒரு குழியில் ஆணி வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன், ஆணி மறுபக்கம் போய்விட்டது. தம்பி அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை.

13 லிட்டர் சின்ன டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். 120 பிஎஸ்ஐயில் அதற்குள் அடைந்திருக்கிற காற்று ஒரே நொடியில் வெடித்து வெளியேறினால், 70 கிலோ மனிதர் ஆறு மாடி உயரத்திலிருந்து தரையில் மோதுகிற அளவுக்குச் சக்தி இருக்கிறது. அதைச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். பழைய தீயணைப்பு சிலிண்டர், பிவிசி பைப், வெல்டிங் பட்டறையில் உருட்டிக் கொடுத்த தகரம், இவை எதுவுமே டேங்க் ஆகாது. பிவிசி பைப் கிழியாது, கண்ணாடி மாதிரி சிதறும்.

அப்படியானால் என்ன செய்வது? பத்தில் ஒன்பது பேருக்கு என் பதில், 12 வோல்ட்டில் ஓடுகிற நல்ல டயர் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுகிற இரட்டை சிலிண்டர் மாடல் ஜீப் டயரையும் நிரப்பும். கொஞ்சம் நேரம் ஆகும். ஆகட்டுமே, டீ குடியுங்கள்.

இல்லை, எனக்கு எஞ்சினில் ஓடுகிறதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதையாவது செய்யுங்கள். தனி ஆயில் தொட்டி உள்ள பழைய யார்க் மாதிரி கம்ப்ரசரைத் தேடுங்கள், கிடைப்பது கஷ்டம், தேடுங்கள். அது இல்லையென்றால் டெலிவரியில் ஆயில் பிரிக்கிற ஃபில்டர் வைத்து, பிரிந்த ஆயில் சக்‌ஷனுக்குத் திரும்ப லைன் கொடுக்க வேண்டும். ஊற்றுவது ஏர் கம்ப்ரசருக்கு உரிய ஆயிலாக இருக்கட்டும். டெலிவரியின் முதல் ஒரு மீட்டருக்கு ரப்பர் ஹோஸே கூடாது, செம்புக் குழாய் அல்லது ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ். டேங்க் என்றால் லாரி ஏர் பிரேக் டேங்க், அதிலும் துரு ஏறாதது. அதை ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வெளியே மாட்டுங்கள். சேஃப்டி வால்வு டேங்கின் மேலேயே நேராக இருக்க வேண்டும், நடுவில் அடைக்கிற வால்வு எதுவும் கூடாது. கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைத்துப் பிரிக்கிற கிளட்சின் மின் லைனில் பிரஷர் சுவிட்ச், ஒரு ஃபியூஸ். தினமும் அடியில் டிரெயினைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். ஒரு டயர் நிரப்பியதும் பம்பை ஆறவிடுங்கள். டேங்கில் வெல்டிங் ராடு படவே கூடாது, எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும். புது வண்டிகளில் வருகிற கிளட்ச் இல்லாத கம்ப்ரசரைத் தொடவே வேண்டாம், அது இந்த வேலைக்கு ஒத்துவராது.

ஏசி கழற்றும்போது கேஸைத் திறந்துவிடாதீர்கள், ஏசி கடையில் மெஷின் போட்டு இறக்குங்கள். திரவமாகத் தெறிக்கிற ஆர் 134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போன கோடையில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து, இப்படிச் செய்த பம்பிலிருந்து ஹோஸ் விட்டு, கிணறு தூர்வார இறங்குகிறவருக்கு மூச்சுக் காற்று கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்டதற்கு அவருக்கு நன்றி சொன்னேன், கேட்காமல் செய்கிறவர்களை நினைத்துத்தான் பயம். அந்தக் காற்றில் ஆயில் ஆவி இருக்கும், கருகிய ஆயிலின் புகை இருக்கும், சக்‌ஷன் பக்கம் எஞ்சின் புகையை இழுத்தால் கார்பன் மோனாக்சைடு இருக்கும். இறங்கியவர் மயங்குவதற்கு முன்னால் அவருக்கே தெரியாது. டயருக்கு மட்டும்தான், மனிதருக்குக் கிடையாது.

அந்தக் காலி கேஸ் சிலிண்டர் தம்பிக்குக் காயலான் கடையில் கிடைத்திருக்கிறது. காயலான் கடைக்கு அது எங்களைப் போன்ற ஏசி கடைகளிலிருந்துதான் போகிறது. இப்போது என் கடையில் சிலிண்டர் காலியானால் மெஷினில் மிச்ச கேஸை இறக்கி, கேஜ் பூஜ்யத்தைக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, வால்வைத் திறந்து வைத்து, பாடியில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டபிறகுதான் பழைய இரும்புக்குப் போடுகிறோம். ஒரு சிலிண்டருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. மற்ற ஏசி கடைக்காரர்களும் இந்த வாரத்திலிருந்தே இதைச் செய்யத் தொடங்குங்கள்.