பேரேட்டில் ஏறாத படிப்பு

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். போன செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த இரவு முழுக்க அவள் அறையில் விளக்கு எரிந்தது. காலையில் அப்பத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தூங்கினியா ஆத்தா?" அதற்கே பொலபொலவென்று அழுதுவிட்டாள். "படிச்சது ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது அப்பத்தா."

வீடே பதறியது. எனக்கென்னவோ அந்த அழுகையில் பாதிதான் மனக்கஷ்டம், மீதி தூக்கக் கடன் என்று பட்டது.

அந்த வீட்டுப் பரணில் ரங்கூன் காலத்துக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் கிடக்கின்றன. கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை அப்போதைக்கப்போது குறிப்பில் எழுதிவிடுவார்கள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். மூளையும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. பகலில் படிப்பதை முதலில் பிடித்து வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி, அதுதான் குறிப்பு. ஆழ்ந்த தூக்கத்தில் அதே நரம்பணுக்கள் மறுபடி துடிக்கின்றன. பகலில் ஓடிய பாதையை எலிகளின் மூளை தூக்கத்தில் இப்படித் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை 1994-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இந்த ஒத்திகையில்தான் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமூளைப் புறணிக்கு, அதாவது பேரேட்டுக்கு, ஏறுகிறது.

இது தெரியாமலே 1924-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் இரண்டே இரண்டு மாணவர்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கினார்கள். இன்னொரு முறை மனப்பாடம் செய்துவிட்டு விழித்திருந்தார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, தூங்கி எழுந்தவேளையில்தான் பல மடங்கு அதிகமாக நினைவிருந்தது. இரண்டு பேரை வைத்து எதை நிரூபிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதே பக்கம்தான் கை காட்டின.

சரி, தூக்கத்தை விரட்டக் குடிக்கும் டீ? விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது உரிய இடங்களில் போய் ஒட்டும்போதுதான் கண் சொக்குகிறது. காஃபின் அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை. குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்த டீ, மூன்று மணிக்கும் பாதி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

நினைவு போவதோடு நின்றால் பரவாயில்லை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காமல் இருந்த இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, நன்றாகத் தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. அதைத் தட்டி அடக்கும் மூளையின் முன்பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. அப்பத்தாவின் ஒரு சாதாரணக் கேள்விக்கு அந்தப் பெண் ஏன் உடைந்து போனாள் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

நம் மீதும் தப்பு இருக்கிறது. 1947-ல் அழகப்பர் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து காரைக்குடி படிப்பு ஊர். விடிய விடிய எரியும் விளக்கைப் பார்த்துப் பெருமைப்பட்டே பழகிவிட்டோம். 'நைட் அவுட்' போட்டவன் விடுதியில் வீரன்.

தேர்வறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் வெளுத்துப் போகிறதே, அது வேறு கதை. பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசோல், பேரேட்டில் இருப்பதை எடுத்துப் படிப்பதையே தற்காலிகமாகத் தடுக்கிறது. படித்தது அழிந்துவிடவில்லை, புத்தகம்தான் திறக்க மறுக்கிறது. இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கிப் பாருங்கள். மூச்சு விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் மெதுவாக்கும். இரண்டு நிமிடம் போதும், கண்காணிப்பாளருக்குக்கூடத் தெரியாது.

ஆனால் எல்லாமே தூக்கக் கணக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்த எதிலும் நாட்டம் போய்விட்டால், தூங்கச் சொல்லி முடித்துவிடக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்றில்லை.

அந்தப் பெண்ணுக்கு அன்று மதியம் இரண்டாங்கட்டில், வெளிச்சம் விழாத பக்கமாகப் பாய் விரித்துக் கொடுத்தார் அப்பத்தா. சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து வந்தவள் காபி கேட்டாள். பால்தான் கிடைத்தது.