பழைய காசு வாங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது

குன்னூர் பேருந்து நிலையத்தில் ஒரு பையன் ஓட்டைக் காலணா ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். ஒருபுறம் கிரீடமும் 1944 என்ற ஆண்டும், மறுபுறம் ஓட்டையைச் சுற்றி இலை வளையம். "அண்ணா, இதை வச்சிருந்தா கேஸ் போடுவாங்களா?" என்றான்.

போட மாட்டார்கள். பழைய காசை வாங்கவோ வீட்டில் சேர்த்து வைக்கவோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் காசின் வயது, அது வந்த வழி, போகப்போகும் இடம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில சட்டங்கள் குறுக்கே வரும்.

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது நிறைந்த நாணயம் தொல்பொருள். தனிநபர் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாய் மாமாவுக்குப் போகும் பார்சலில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயைச் சொருகினால் சிக்கல்தான். தொல்பொருள் விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால் நூறு வயதுக் காசு வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். பையனின் காலணா 2044-ல்தான் அந்தக் கணக்கில் சேரும்.

புதிதாகத் தொடங்குபவர் அவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியதே இல்லை என்பேன். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, 1957 ஏப்ரல் 1-ல் தசம முறை வந்தபோது பிறந்த நயா பைசா, 1968-ல் வந்த தாமரை போட்ட இருபது பைசா எல்லாமே ஏராளமாக அடிக்கப்பட்டவை. விலையும் கையைக் கடிக்காது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் கடையில் செல்லாது. ஆனால் சேகரிக்கத் தடை இல்லை. 50 பைசா இன்னும் செல்லும், கடைக்காரர் முகம் சுளித்தாலும்!

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது புதையல் சட்டம். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் கல்திட்டைகள், நீலகிரியில் பழைய கற்குவைகள் என்று பழங்கால ஈமச் சின்னங்கள் உள்ள, மண்ணுக்கடியில் எது இருக்கும் என்று தெரியாத ஊர்கள் இவை. "கேரட்டுக்குக் கொத்தும்போது கிடைச்சது, மலிவா எடுத்துக்கங்க" என்று யாராவது மண் ஒட்டிய காசை நீட்டினால் வாங்காதீர்கள். 1878-ம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீலகிரிக்காரருக்கு ஊட்டி, கொடைக்கானல்காரருக்குத் திண்டுக்கல். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது பிணையம் தர வேண்டும்.

கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் வருவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் குறிப்பார். சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்த உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். காலதாமதம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் முக்கால் பங்கு மோசமில்லை.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் செய்தி. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாகச் சொல்வார்கள். பேசப் பேச "ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம்" என்று கொஞ்சம் கட்டச் சொல்வார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் இரண்டு தவணை கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பழைய நோட்டு, நாணய விற்பனையில் அது ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அக்கா நான்கு நாள் கழித்து அழைத்தார்.