கலவர வழக்கில் தண்டனையா? முதலில் அப்பீல் நாட்களை எண்ணுங்கள்

மஞ்சுவிரட்டிலோ மறியலிலோ தகராறு, போலீஸ்மேல் கல், பஸ் கண்ணாடி காலி. எஃப்ஐஆரில் பத்துப் பெயர், கூடவே "மற்றும் பலர்". அந்தப் பலரில் உங்கள் வீட்டுப் பையனும் சேர்ந்து, சில வருஷம் கழித்துத் தண்டனையும் வந்துவிட்டது என்று வையுங்கள். சட்டப்பிரிவை வக்கீல் பார்த்துக்கொள்வார், அப்பீலுக்கான நாள் கணக்கை நீங்கள்தான் பார்க்கணும்.

மாஜிஸ்திரேட் தண்டித்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல். செஷன்ஸ் கோர்ட்டே தண்டித்தால் 60 நாள், நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்கு மதுரை ஐகோர்ட் கிளை. சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை அன்றைக்கே இலவசமாகத் தர வேண்டும். தருவார்களா, "நாளைக்கு வாங்க" என்பார்கள். தேவகோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் இப்படி வாய்வார்த்தையாகவே கேட்டு 11 நாள் பஸ் ஏறினார், அதில் ஒரு நாளைக்கூட அப்பீல் கெடுவிலிருந்து கழித்துக் கொடுக்கவில்லை. எழுத்தில் நகல் மனு போடுங்கள். மனு போட்ட தேதி, தயாரான தேதி எல்லாம் நகலில் முத்திரையாக விழும், அந்த இடைவெளிதான் கழியும். தயாரான பிறகு போய் வாங்காத நாள் உங்கள் தலையில்.

தண்டனை 3 வருஷத்துக்கு மேல் போகாமல், பையன் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், தண்டித்த கோர்ட்டிலேயே அன்றே மனு போட்டு அப்பீல் போகும்வரை வெளியே இருக்கலாம். இங்கேதான் நம்ம ஊர்ச் சிக்கல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு அடுத்த தெரு வரை நீளும், வரி ரசீது மட்டும் செத்துப்போன ஐயா பெயரில், பங்காளிகள் பன்னிரண்டு பேர். அந்த ரசீதோடு ஜாமீன் நிற்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொந்தப் பெயரில் ரசீது உள்ள இரண்டு பேரைத் தீர்ப்புக்கு முன்னாடியே பேசி வையுங்கள்.

அப்புறம், விசாரணையின்போதே "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும்" என்று காதில் ஓதுவார்கள். ஒத்துக்கொண்டால் பிறகு அப்பீலில் தண்டனை அதிகம் என்றுதான் பேச முடியும், நான் செய்யவில்லை என்று பேச முடியாது.

ஊர் வசூலில் ஒரே வக்கீல், இருபது பேருக்கும் ஒரே அப்பீல் என்பார்கள். செலவு மிச்சம்தான், ஆனால் கல்லோடு போட்டோவில் நிற்பவனும் சும்மா வேடிக்கை பார்த்தவனும் ஒரே மனுவில் இருந்தால் இவனுக்கென்று யார் வாதாடுவது? தனியாகப் போடுங்கள். பணமில்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100-க்கு போன் போடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கேட்டு அலையவிட்டால் இதைச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் ஜெயில் அதிகாரியிடமே அப்பீல் மனுவைக் கொடுக்கலாம், பார்க்கப் போகிறவர் கொடுத்த தேதியை மறக்காமல் குறித்துக்கொண்டு வாருங்கள்.