ஜீப்பில் இரும்பு பழசாக இருக்கட்டும், ரப்பர் வேண்டாம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் வீட்டுத் தம்பி ஒருவர் போன மழைக்காலத்தில் தன் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். தாத்தா காலத்து சிஜே-3பி, பழைய வில்லிஸ் ஜீப் மாடல். ஒரு வருடமாக வீட்டு ஷெட்டிலேயே வைத்துப் பிரித்துச் சேர்த்த வண்டி. கிரில், ஹெட்லைட் வளையம், மீட்டர் என்று ஒவ்வொன்றையும் அந்தக் காலத்துப் பொருளாகவே தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் இடப்பக்க மட்கார்டு மட்டும் நசுங்கி உள்ளே போயிருந்தது.

பேச்சிப்பாறையிலிருந்து இறங்கி வரும்போது பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டதாம். கியரைக் குறைத்து, மண்திட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வீல் சிலிண்டர் கிட் நாலும் புதுசுதான் அண்ணே. பழைய ஸ்டாக், ஒரிஜினலாக்கும்" என்று ஒரு காலி அட்டைப்பெட்டியைக் காட்டினார். மங்கிய எழுத்து, உள்ளே மெழுகுத்தாள். பிரிக்காமலே பல வருடம் கிடந்த பெட்டி என்பது பார்த்ததுமே தெரிந்தது.

பின்பக்க இடது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே பிரேக் ஆயிலும், டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனர் பட்டையின் தூளும் குழைந்து கறுப்புச் சேறாக அப்பியிருந்தது. வீல் சிலிண்டரிலிருந்து, ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பை எடுத்துத் துடைத்தால் அசல் புதுசு போலப் பளபளப்பு. கப்பின் உதட்டை, அதாவது விளிம்பை, நகத்தால் விரித்தபோதுதான் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. இரண்டாக மடக்கினேன்; காய்ந்த புளியந்தோடு மாதிரி நொறுங்கிற்று.

ரப்பர் மண்ணில் வாழும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ரப்பர் ஷீட்டை எத்தனை நாள் ஸ்டோரில் வைக்கலாம், வெயிலும் காற்றும் பட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். ஜீப்புக்குள் இருப்பதும் ரப்பர்தான். வண்டியில் மாட்டாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் அதற்கு வயது கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் கால ஜீப்புகளில், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே வழிதான். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய்த் தொடர். இப்போதைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். இதில் ஒரு கப்பு கிழிந்தால் நான்கு பிரேக்கும் போச்சு. மிச்சம் ஹேண்ட் பிரேக். அதுவும் சக்கரத்தில் இல்லை, முன், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தனி டிரம்மில் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் அந்த லைனரும் எண்ணெயில் ஊறிவிடும். தம்பியின் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. லீவரை இழுத்தும் பிடிக்கவில்லை.

ஆகவே காலத்துக்கேற்ற அசல் பாகம் தேடுகிறவர்கள் வார்ப்பிரும்பு, தகடு, பட்டை, கண்ணாடி, மீட்டர் எதுவானாலும் பழசைத் தாராளமாக வாங்குங்கள். டிரம்மை மட்டும் அளந்து பார்த்து எடுங்கள். கப்பு, ஹோஸ், ஆயில் சீல், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு, இந்த நான்கும் புதிதாகத் தயாரானவையாக இருக்க வேண்டும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டுவது ஒரு பக்கம். உள்ளே இன்ஜின் ஆயிலில் கலந்தால் பேரிங்கே போய்விடும்.

பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் எப்படி வருகிறது? பெட்ரோல் வகைக் கரைப்பானில் ரப்பரைக் கரைத்துத்தானே. கழுவிய ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புதுக் கப்பு ஊதி, பிரேக் சிக்கிக்கொள்ளும். பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக வரும். நாங்கள் தொழில் படித்த காலத்தில் வாயாலேயே ஊதித் தள்ளுவோம், யாரும் தடுத்ததில்லை. இன்று என் பட்டறையில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஈரத்துணியில் வழித்து, அந்தத் துணியைக் கட்டித் தனியாகப் போடுகிறோம். வீட்டில் செய்யும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

சக்கரம் கழற்றுமுன் இன்னொன்று. பழைய வில்லிஸ்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு லெஃப்ட் மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகினால்தான் நட்டு கழலும். வழக்கம்போலத் திருகினால் நட்டு இறுகிக்கொண்டே போய் ஸ்டட் முறியும். ஸ்டட் முனையில் 'எல்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், அதனால் ஒவ்வொரு ஸ்டட்டையும் பார்க்க வேண்டும்.

தூக்கி நிறுத்த ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். வண்டி ஏறக்குறைய ஒரு டன். அந்தக் கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் அடியில் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்டு போடுங்கள். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காலியான டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கக் கூடாது, உள்ளே தங்கிய ஆவிதான் வெடிக்கும். அந்த வேலையை அதற்கென்று இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

துரு விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், கூடவே உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டியில் துரு உள்ளேயிருந்து வெளியே வரும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும். தரைத்தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவில் ஓடும் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். தோட்டத்து வண்டியில் சேறு அடைந்த இடமெல்லாம் அரித்திருக்கும். பட்டி போட்டு மூடிவிட்டு விற்ற வண்டிகளை நான் நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். வாங்குமுன் குத்திப் பாருங்கள், விற்பவர் கோபித்தாலும் சரி.

சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. தோட்டத்து ஜீப்புகளில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் போட்டது ஏராளம், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021-ல் விதி வந்தது. சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் அசலாக இருக்க வேண்டும். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் இறக்கலாம். தோட்டத்துக்குப் போய்வர வேண்டும் என்றால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

தம்பியின் ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் புதுக் கப்பு, மூன்று ஹோஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல், ஹேண்ட் பிரேக் லைனர் எல்லாம் மாற்றினோம். சிலிண்டர் ஒன்றின் உட்சுவரில் குழி விழுந்திருந்தது, அதையும் தூக்கிப் போட்டோம். கிரில்லும் மீட்டரும் அவர் தேடிய அதே பழசுதான். ஒரு வாரம் சமவெளியில் மட்டும் ஓட்டிவிட்டு வந்து, நான்கு டிரம்மையும் என் முன்னால் அவர் கையாலேயே கழற்றச் சொன்னேன். நான்கும் உலர்ந்திருந்தன. அதன் பிறகுதான் பேச்சிப்பாறை ரோட்டில் ஏற்றச் சம்மதித்தேன்.