ஓர் ஏலச்சீட்டுக்குள் எத்தனை ஆப்ஜெக்ட்?

நிரல் எழுதுவதில் கை தேர்ந்தவர்கள்கூட ஓர் இடத்தில் தடுமாறுவார்கள். முன்னால் வெற்றுப் பலகை. கடையோ, மருத்துவமனையோ, பேருந்து நிலையமோ, ஏதோ ஒன்றை மென்பொருளாக்க வேண்டும். எதை ஆப்ஜெக்ட் (தன் தகவலையும் தன் வேலைகளையும் சேர்த்து வைத்திருக்கும் நிரல் அலகு) ஆக்குவது, எதை அதன் பண்பாக, அதாவது அது வைத்திருக்கும் ஒரு விவரமாக, விடுவது, எந்த வேலையை யார் தலையில் கட்டுவது? 'நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வாகனம்' என்று கல்லூரியில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் கால் காசுக்கு உதவாது.

நமக்கு ஏலச்சீட்டு போதும். பெங்களூரில் அலசூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். சீட்டு நடத்தும் அக்கா ஒருவர், தன் நோட்டை ஆப்பாக மாற்றித் தரக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது இவ்வளவுதான்:

"இருபது பேரு, மாசம் ஐயாயிரம், இருபது மாசம். மாசாமாசம் ஏலம் விடுவேன். யார் அதிகமா தள்றாங்களோ அவங்களுக்குப் பணம். தள்ளினதுல என் கமிஷன் போக மீதியை எல்லாருக்கும் பிரிச்சுக் கழிச்சுடுவேன். எடுத்தவங்க ஜாமீன் கொடுக்கணும். மாடி வீட்டம்மா ரெண்டு சீட்டு போட்டிருக்காங்க. டீக்கடைக்காரரும் அவர் மச்சானும் சேர்ந்து ஒண்ணு, ஆளுக்கு அரை. நானும் ஒண்ணு போட்டிருக்கேன்."

வெளிவட்டச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் தயாராகும் பல தேவை அறிக்கைகளைவிட இது தெளிவானது. கணக்கையும் பார்த்துவிடலாம். மொத்தம் ஒரு லட்சம். ஒருவர் ரூ.20,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தால் அவர் கைக்கு ரூ.80,000. தள்ளிய தொகையில், மொத்தச் சீட்டுத் தொகைக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் கமிஷன் ரூ.5,000 போக ரூ.15,000 மிச்சம். அதை இருபதால் வகுத்தால் ரூ.750. ஆக, அந்த மாதம் ஒரு சீட்டுக்குக் கட்ட வேண்டியது ரூ.4,250. (1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டு இது என்றே நம்புவோம்.)

உலகத்தில் இருப்பதை அப்படியே நிரலுக்குள் கொண்டுவரும் எண்ணம் 1960களில் ஆஸ்லோவில் பிறந்தது. நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸ் (ஒரே வகை ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு), ஆப்ஜெக்ட் இரண்டும் முதலில் வந்தன. வரிசையில் நிற்பது, காத்திருப்பது, இடம் மாறுவது போன்ற நிஜ நடப்புகளைக் கணினியில் போலச் செய்து பார்ப்பதற்காக எழுந்த மொழி அது. ஒவ்வொன்றும் தன் தகவலைத் தானே வைத்துக்கொண்டு, தன் வேலையைத் தானே செய்தால்தான் அந்தப் போலச் செய்தல் சாத்தியம். சரி, எவையெல்லாம் அந்த 'ஒவ்வொன்று'?

1983இல் ரஸ்ஸல் அபட் என்ற கணினி அறிஞர் ஒரு வழி சொன்னார். தேவையைச் சாதாரண மொழியில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ச்சொற்கள் ஆப்ஜெக்ட் வகைகளாகலாம், வினைச்சொற்கள் மெத்தட்களாகலாம், அதாவது அந்த ஆப்ஜெக்ட்கள் செய்யும் வேலைகளாகலாம். பாடப்புத்தகங்கள் இன்றைக்கும் இதையே முதல் படியாகச் சொல்கின்றன. முதல் படி என்ற அளவில் சரிதான். அதோடு நின்றால் வடிவமைப்பு கெட்டுப்போகும்.

அக்காவின் பேச்சில் பெயர்ச்சொற்கள்: ஆள், மாதம், பணம், ஏலம், கமிஷன், ஜாமீன், சீட்டு, டீக்கடை. இவற்றைச் சலிக்க நான் நம்புவது ஒரே கேள்வியைத்தான். மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும் இதுவும் அதுவும் வேறு வேறு என்று கணக்கு வைக்க வேண்டியிருக்கிறதா? ரூ.5,000 யார் கையில் இருந்தாலும் ரூ.5,000தான், அதனால் அது பண்பு. ஏழாவது மாதம் என்பது வெறும் எண். ஒரே பெயரில் இரண்டு பேர் சேர்ந்தால் அவர்கள் இரண்டு பேர்தான், ஆகவே ஆள் ஆப்ஜெக்ட். டீக்கடைக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

ஏலம்? "ஏலம் விடுவேன்" என்பது செயல். இலக்கணத்தை நம்பினால் அது சீட்டின் ஒரு மெத்தட் ஆகிவிடும். நிரலை ஓட்டிப் பார்த்தால் பதினோராவது மாதத்தில் ஒருவர் வந்து, "மூணாவது மாசம் எவ்வளவு தள்ளு போச்சு? யார் எடுத்தது?" என்பார். ஓடி முடிந்த மெத்தட்டுக்கு நினைவு கிடையாது. ஏலத்துக்குத் தேதி உண்டு, தள்ளிய தொகை உண்டு, எடுத்தவர் உண்டு, இதையெல்லாம் பிறகு யாராவது கேட்கவும் செய்வார்கள். அது ஆப்ஜெக்ட். பணம் கட்டுவதும் இப்படித்தான். 'வரவு' என்று தனி ஆப்ஜெக்டாக அதை வைக்காவிட்டால், யார் எந்தத் தேதியில் கட்டினார் என்ற சண்டை வரும்போது ஆப் கையை விரிக்கும். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி நாளைக்குக் கேள்வி வரும் என்றால் அதற்குத் தனி உருவம் கொடுத்துவிடுவது நல்லது. புதிதாக வடிவமைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த வகையைத்தான்.

இதைவிட நுட்பமான ஒன்று மாடி வீட்டம்மாவிடம் இருக்கிறது. இரண்டு சீட்டு போட்டிருக்கிறார்; ஒன்றை நான்காவது மாதமே எடுத்துவிட்டார், இன்னொன்று பாக்கி. 'ஆள்' கிளாஸில் 'எடுத்தாரா' என்று ஒரு பண்பு வைத்திருந்தால் அதில் ஆம் என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? இரண்டுமே பொய். ஆளுக்கும் சீட்டுக்கும் நடுவில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். அதைப் பங்கு என்போம். சட்டத்தில் அதன் பெயர் டிக்கெட். இந்தச் சீட்டில் இருபது பங்குகள். எடுத்ததா இல்லையா, எவ்வளவு பாக்கி, ஜாமீன் யார் என்பதெல்லாம் பங்கின் விவரங்கள். ஆளிடம் மிஞ்சுவது பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரியும்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. 'எடுத்தது' என்று தனியாக எழுதி வைக்க வேண்டியதுகூட இல்லை. இந்தப் பங்கு ஏதாவது ஓர் ஏலத்தில் ஜெயித்திருக்கிறதா என்று பார்த்தாலே பதில் கிடைக்கும். ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதினால் என்றைக்காவது இரண்டும் முரண்படும், அன்றைக்குப் பார்த்து அக்கா ஊரில் இருக்க மாட்டார்.

உறவுகளுக்கு வருவோம். ஓர் ஆளுக்குப் பல பங்கு இருக்கலாம். ஒரு பங்குக்கு ஓர் ஆள்தானே என்று எழுதப் போனால் டீக்கடைக்காரரும் மச்சானும் வந்து நிற்கிறார்கள். அரைச் சீட்டு! ஆக, ஒரு பங்குக்கும் பல ஆட்கள். ஒன்றுக்குப் பல, பலவற்றுக்குப் பல என்று எண்ணிக்கை பார்ப்பது பாடத்தில் சலிப்பான பகுதி. நடைமுறையிலோ கட்டி முடித்த ஆப்பை இடித்துக் கட்ட வைப்பது பெரும்பாலும் இதுதான். "எப்பவாவது ரெண்டு பேர் சேர்ந்து போடுவாங்களா?" என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

உறவின் இறுக்கமும் முக்கியம். சீட்டை அழித்தால் அதன் ஏலங்களும் பங்குகளும் சேர்ந்தே போகும், அவற்றுக்குத் தனி வாழ்வு இல்லை. ஆட்கள் போக மாட்டார்கள். அடுத்த சீட்டிலும் அவர்களே வருவார்கள். முதல் வகை உள்ளடக்கம், இரண்டாவது வெறும் தொடர்பு.

அக்காவை எங்கே வைப்பது? 'நடத்துபவர்' என்று ஆளிலிருந்து ஒரு துணை கிளாஸ் (ஆளிடம் இருப்பதையெல்லாம் மரபுரிமையாகப் பெறும் உள்வகை) உருவாக்கத் தோன்றும். அவரும் ஒரு பங்கு போட்டிருக்கிறாரே! நாளைக்கு வேறொருவர் நடத்தும் சீட்டில் அவர் வெறும் உறுப்பினர். ஆகவே நடத்துபவர் என்பது ஒரு சீட்டைப் பொறுத்த பொறுப்பு. சீட்டிலிருந்து ஓர் ஆளை நோக்கி ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. ஆளின் பிறவி வகை மாறாது, பொறுப்பு மாறும். மாறக்கூடிய எதையும் மரபுரிமையால் சொல்லக் கூடாது.

மரபுரிமைக்கு இங்கே இடமே இல்லையா? உண்டு. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு இரண்டிலும் மாதம் ஒருவர் எடுப்பார். யார் என்று தீர்மானிக்கும் முறைதான் வேறு. பொதுவான 'சீட்டு' கிளாஸில் 'இந்த மாதம் எடுப்பவர் யார்' என்று ஒரு மெத்தட் வைத்து, ஒன்று ஏலத்தாலும் மற்றது குலுக்கலாலும் பதில் சொல்லலாம். அடுத்து தீபாவளிச் சீட்டையும் அதன் கீழ் சேர்க்கக் கை துறுதுறுக்கும். அதில் மாதாமாதம் யாரும் எடுப்பதில்லை, எல்லோருக்கும் பண்டிகைக்கு முன்னால் ஒரே நேரத்தில்தான் கிடைக்கும். அந்த மெத்தட்டுக்கு அது என்ன பதில் சொல்லும்? கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்த விதி இதைத்தான் பிடிக்கிறது: மூல வகை இருக்கும் எந்த இடத்திலும் துணை வகையைப் போட்டால் நிரல் குழம்பாமல் ஓட வேண்டும். பெயரில் சீட்டு இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது.

மெத்தட்கள் விஷயத்தில் வழக்கமாக நடப்பது ஒன்று. 'சீட்டு மேனேஜர்' என்று ஒரு கிளாஸ் முளைத்து, ஏலம், வசூல், பாக்கி, ரசீது எல்லாவற்றையும் அதுவே செய்யும். மற்ற ஆப்ஜெக்ட்கள் தகவல் மூட்டைகளாகக் கிடக்கும். இதற்கு மாற்றாக, மென்பொருள் வல்லுநர்களான கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989இல் சாதாரண அட்டைகளைப் பயன்படுத்தும் உத்தியைச் சொன்னார்கள். கிளாஸுக்கு ஓர் அட்டை. மேலே பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது உதவி கேட்கும் மற்ற கிளாஸ்கள். அட்டையில் இடம் போதவில்லை என்றால் அந்தக் கிளாஸ் அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்று பொருள்.

மாடி வீட்டம்மாவின் பாக்கியைக் கேட்டுப் பாருங்கள். ஆள் தன் பங்குகளைக் கேட்கும். ஒவ்வொரு பங்கும் தன் வரவுகளைக் கூட்டும். மாதத் தவணை எவ்வளவு என்று ஏலத்தைக் கேட்கும், ஏனென்றால் தள்ளிய தொகை தெரிந்தது அதற்குத்தான். ஏலம் கமிஷன் விகிதத்தைச் சீட்டிடம் கேட்கும். தகவல் எங்கே இருக்கிறதோ வேலையும் அங்கே. இதில் மேனேஜருக்கு வேலை இல்லை.

கமிஷன் விகிதம் சீட்டின் பண்பாக இருப்பதிலும் காரணம் உண்டு. சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது. 2019இல் செய்த திருத்தம் அதை 7 ஆக்கியது. 5 என்று நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தால் புதிய சீட்டுக்கு இடிக்கும். எல்லாவற்றுக்கும் 7 என்று மாற்றினாலோ, 5க்கு ஒப்பந்தம் போட்டு நடந்துகொண்டிருக்கும் சீட்டின் கணக்கு தவறாகிவிடும்.

வரைந்து முடித்ததும் வில்லங்கமான சம்பவம் ஒன்றைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். எட்டாவது மாதம் ஒருவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறார், அவர் இடத்தில் இன்னொருவர் சேர்கிறார். நம் வரைபடத்தில் பங்கு அப்படியே இருக்கும், பழைய வரவுகளும் அதனிடமே இருக்கும், ஆளைக் காட்டும் கோடு மட்டும் மாறும். ஆனால் கோட்டை மாற்றி எழுதிவிட்டால் முதல் ஏழு மாதம் கட்டியவர் யார் என்பது அழிந்துபோகும். ஆகவே அந்தக் கோட்டுக்கே தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தேவை. தேதி கேட்கும் கோடு இனிக் கோடு இல்லை, 'உரிமை' என்று இன்னொரு ஆப்ஜெக்ட். அரைச் சீட்டின் 'ஆளுக்கு எவ்வளவு பாகம்' என்ற விவரத்துக்கும் இதுவரை சரியான இடம் இல்லாமல் இருந்தது; அதுவும் இந்த உரிமைக்குள் போய்விடும்.