கன்ட்ரோல் உள்ளே வரும்வரை ஓட்டுவதா?

போன வாரம் மறுபடியும் அதே கதை. கடலூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீர் அயோடின் முடிவுகள் என் மேசைக்கு வந்தன. நடுமதிப்பு லிட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளுக்கு 100 முதல் 199 வரை இருந்தால் போதும். 300 என்றால் மிகை. அயோடின் சேர்க்காத கல்லுப்பை மூட்டையாக வாங்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கிற ஊர்களில் இது எப்படி?

கன்ட்ரோல் தாளைக் கேட்டேன். கன்ட்ரோல் என்பது அளவு முன்பே தெரிந்த மாதிரி; பிள்ளைகளின் மாதிரிகளோடு அதையும் ஓட்டி, முடிவு குறித்த வரம்புக்குள் வருகிறதா என்று பார்ப்போம். டெக்னீஷியன் தம்பி சொன்னது: "ரெண்டு தடவை வெளியே போச்சு மேடம், மூணாவது தடவை உள்ளே வந்துடுச்சு."

வந்துவிடும் தம்பி, ஓட்டிக்கொண்டே இருந்தால் என்றைக்காவது வந்துதான் ஆக வேண்டும். காய்ச்சல் இல்லை என்று காட்டும்வரை தெர்மாமீட்டரை மாற்றுவீர்களா? 2 எஸ்டி கோட்டை, அதாவது சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத் தூரத்தில் போடும் எல்லையை, நல்ல கன்ட்ரோலே 20 தடவைக்கு ஒரு தடவை தாண்டும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, தாண்டுவதெல்லாம் தற்செயல் என்று நினைப்பதுதான் எனக்கு ஆத்திரம் வரவைக்கிறது. குறைந்த அளவு, அதிக அளவு இரண்டு கன்ட்ரோலும் சேர்ந்து மேல்பக்கமே தாண்டினால் அது தற்செயல் இல்லை. இதைவிடக் கொடுமை, திரும்ப ஓட்டியது கன்ட்ரோலை மட்டும். பிள்ளைகளின் எண்கள் முதல் ஓட்டத்தில் வந்தவை! கன்ட்ரோல் தேறவில்லை என்றால் அந்த ஓட்டம் முழுவதும் செல்லாது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மாதிரிகளோடு சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும்.

காரணம் பக்கத்து மேசையில் இருந்தது. அங்கே உப்பு டைட்ரேஷன், அதாவது உப்பில் எவ்வளவு அயோடின் என்று சொட்டுச்சொட்டாகக் கரைசல் விட்டு அளக்கும் சோதனை. அதற்கு ஊற்றும் 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசலின் ஒரே சொட்டில் சுமார் 3,800 மைக்ரோகிராம் அயோடின் இருக்கிறது. லிட்டருக்கு 100 என்று வைத்தால், 38 லிட்டர் சிறுநீரில் இருக்கும் அளவு. இரண்டு மேசைக் கண்ணாடிக் குழாய்களையும் ஒரே தொட்டியில் கழுவியிருக்கிறார்கள்.

ஆகவே, தயவுசெய்து: உப்புச் சோதனைக்குத் தனி அறை, தனிக் குழாய், தனிப் பிப்பெட். கையில் பீட்டடின் (அயோடின் உள்ள மருந்து) கட்டோடு வருகிறவரை இந்த மேசைக்கு அனுப்பாதீர்கள். மலச் சோதனைக்கான லூகால் (அதுவும் அயோடின் கரைசல்தான்) பாட்டிலும் இங்கே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் பிளாங்க், அதாவது சிறுநீருக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய், வையுங்கள். இந்தச் சோதனையில் அயோடின் கூடக்கூட மஞ்சள் நிறம் வேகமாக வெளிறும்; பிளாங்கின் மஞ்சளே வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெளிறினால் அங்கேயே நிறுத்துங்கள். அக்னி வெயிலில் கரன்ட் போய் ஏசி நின்றால் வினையின் வேகமே மாறிவிடும். அப்போது பாதியில் விட்டு ஒட்டவைக்காதீர்கள், ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டு அளக்க வைக்கும், அளவு தெரிந்த கரைசல்) முதல் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குங்கள். ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் இடைவெளியை ஸ்டாப்வாட்சில் பாருங்கள், சுவர்க் கடிகாரத்தில் அல்ல.

இன்னொன்று. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2001 முதல் 'ஈக்விப்' என்ற வெளித் தரச்சோதனை நடத்துகிறது; லேப் சரியாக அளக்கிறதா என்று வெளியிலிருந்து மாதிரி அனுப்பிப் பார்ப்பது அது. அப்படி வெளியிலிருந்து மாதிரி வரும் நாளில் மட்டும் மூத்த டெக்னீஷியனைக் கூப்பிட்டு, புது ரீஏஜென்ட் போட்டு, ஐந்து தடவை ஓட்டிச் சராசரி எடுக்கும் லேப்களும் உண்டு. யாரை ஏமாற்றுகிறோம்?

அந்தத் தாள் அப்படியே மேலே போயிருந்தால், உண்மையில் குறைபாடு இருக்கக்கூடிய ஊருக்கு "அயோடின் அதிகம்" என்று முத்திரை விழுந்திருக்கும். நல்ல வேளை, மிச்ச சிறுநீர் இறுக்கி மூடிய பாட்டில்களில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதில் அயோடின் மாதக்கணக்கில் கெடாது. திங்கட்கிழமை முதலிலிருந்து ஓட்டுகிறோம். அந்தத் தம்பியையே ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.